ரெண்டு மிதிக்காரர்

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு விடிகாலையில் வந்து நிற்கும் பிக்கப் வண்டிகளில் இவருடையது எது என்று யாரும் சொல்லிவிடலாம். பின்சக்கரத்துக்கு அண்டைக்கல் வைத்திருக்கும். அந்தக் கல் சீட்டுக்கடியிலேயே குடியிருக்கிறது. இன்சூரன்ஸ் தாளை மறந்தாலும் மறப்பார், கல்லை மறந்து கிளம்பமாட்டார்.

வண்டியை இரவல் கேட்டால் சாவியோடு உபதேசமும் கிடைக்கும். "மாப்ள, மொத மிதியை நம்பாத, அது சும்மா. ரெண்டாவது மிதிதான் புடிக்கும். அதுலயும் நிக்கலைன்னா கியரைக் குறைச்சிரு. ஹேண்ட் பிரேக்கைத் தொட்டுறாத, அது தனிக் கதை." குரலில் வெட்கம் துளியும் இருக்காது. "என் வண்டியை ஒருத்தன் களவாண்டுட்டுப் போயிர முடியுமா? மொத வளைவுலயே மாட்டிக்குவான்!"

பெடல் ஏன் இறங்குகிறது என்று இவர் ஆராயாமலா இருப்பார்? முதலில் "ஏர் புகுந்திருக்கு" என்றார். மகனைப் பெடலில் உட்கார வைத்து, "மிதி... புடி... விடாத" என்று நாலு சக்கரத்திலும் நிப்பிளைத் திறந்து ஏர் எடுத்தார். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான இடது பின்சக்கரத்தில் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். வெளியே வந்த பழைய ஆயிலைத் துணியில் வடிகட்டித் திரும்ப ஊற்றியது மட்டும் இவருடைய சொந்தச் சேர்க்கை. பிறகு டிரம்மைக் கழற்றி லைனரை நெருக்கி வைத்தார். வீல் சிலிண்டரில் டார்ச் அடித்தார், காய்ந்து கிடந்தது. டப்பாவில் ஆயிலும் குறையவில்லை. "எங்கயும் ஒழுகலை. அப்ப வண்டி நல்லாத்தான இருக்கு?" என்று தீர்ப்பளித்துவிட்டுக் காலைப் பழக்கிக்கொண்டார்.

ரயில்வே கேட்டில்தான் கொஞ்சம் சங்கடம். மிதித்த பெடல் காலுக்கடியில் மெல்ல இறங்கும். வண்டி மெல்ல ஊர்ந்துபோய் முன்னால் நிற்கும் காரை மரியாதையாகத் தொடும். கார்க்காரர் இறங்கி வந்தால், "ரோடு சரிவுங்க" என்பார். கொடைக்கானலிலிருந்து பீன்ஸ் ஏற்றிக்கொண்டு பழநி மலைச்சாலையில் இறங்கிய புது டிரைவர், அடிவாரத்தில் சாவியை ஒப்படைத்துவிட்டுச் சம்பளம்கூடக் கேட்காமல் பஸ் ஏறினார். "இந்தக் காலத்துப் பயலுகளுக்குப் பொறுமை கெடையாது."

எஃப்.சி. காட்டும் நாள் நெருங்கியது. வேறு வழியில்லாமல் பட்டறைக்குப் போனார். மெக்கானிக் பையன் வண்டிக்கடியில் குனியவே இல்லை. இன்ஜினை ஓடவிட்டு, பெடலை நிதானமாக மிதித்துப் பிடித்தான். அது தரையை நோக்கி இறங்கியது.

"வெளிய ஒழுகலைண்ணே, உள்ளயே ஒழுகுது. மாஸ்டர் சிலிண்டர் கப்பு தேஞ்சிருச்சு. வெடுக்குன்னு மிதிச்சா கப்போட உதடு விரிஞ்சு சுவரைப் புடிக்கும். மெதுவா மிதிச்சா ஆயில் ஓரமா நழுவிப் பின்னால போயிரும்."

"பூஸ்டரா இருக்காதா?"

"பூஸ்டர் போனா பெடல் இறுகுமே தவிர இறங்காது." டப்பாவைத் திறந்து பார்த்தவன் முகம் சுளித்தான். "இவ்வளவு கறுப்பா இருக்கு, எப்பண்ணே மாத்துனீங்க? டாட் 3 ஆயில் புதுசுல 205 டிகிரி வரைக்கும் தாங்கும். ஈரத்தை உறிஞ்சிருச்சுன்னா 140லயே கொதிக்க ஆரம்பிக்கலாம். மலை இறக்கத்துல கொதிச்சா ரெண்டு மிதியும் கிடையாது, மூணு மிதியும் கிடையாது."

செலவைப் பற்றி இவர் பேசவில்லை. தன் காலுக்குப் பிடிபடாத சங்கதி நேற்றுப் பிறந்தவனுக்கு ஒரே மிதியில் தெரிந்துவிட்டதே என்பதுதான் தாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டே புது மாஸ்டர் சிலிண்டர் மாட்டச் சம்மதித்தார்.

மறுநாள் சந்தைத் திருப்பத்தில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. வழக்கப்படி முழு பலத்தோடு முதல் மிதி. வண்டி அங்கேயே நின்றது. பின்னால் தக்காளிப் பெட்டிகள் சரிந்தன, பக்கத்தில் இருந்த மச்சினன் நெற்றி டேஷ்போர்டில் இடித்தது. அதே இடத்தில் நின்றபடி மெக்கானிக்கைப் போனில் பிடித்தார்.

"தம்பி, பிரேக் ரொம்பப் புடிக்குது. கொஞ்சம் இளக்கி விடுறியா?"