தளம் எழுந்தருளிய வைபவம்

சேஷாசலத்துச் செம்மரம் இரவோடிரவாகக் கடல் கடந்து போவதும், அமெரிக்க மேப்பிள் பலகை பகிரங்கமாகக் கடல் கடந்து திருப்பதிக்கு வந்து இறகுப்பந்துத் தளமாவதும் சர்வதேசப் பண்டமாற்றின் உத்தம லட்சணமே. அத்தளத்தை ஆசாரியின் தயவின்றித் தம் திருக்கரங்களாலேயே அமைத்த நண்பரின் சாமர்த்தியத்தை எவ்வளவு சிலாகித்தாலும் தகும். பலகைகளைச் சில நாள் அறையிலேயே கிடத்தி ஊரின் ஈரத்துக்குப் பழக்க வேண்டும், அவை விரிவதற்குச் சுவரோரம் இடைவெளி விடவேண்டும் என்பனவெல்லாம் சோம்பேறிகளின் சாஸ்திரமெனத் தள்ளி, சுவரோடு சுவராக நெருக்கி ஆணி அறைந்தார். ஐப்பசி அடைமழையில் பலகைகள் உப்பியெழுந்து, 13.4 மீட்டர் நீளத்துக்குள் ஏழு மலைகளும் பிரத்யட்சமாயின. இப்போது அங்கே ஆட்டம் இல்லை. பக்தர்கள் வலம் வருகிறார்கள். பாதரட்சைகளை வெளியே விட்டுவிட்டு வாருங்கள், உண்டியல் வலப்பக்கம்.