ஒண்ணும் பண்ணாதுங்க!
கூமாப்பட்டிக்கு நாயோடு வருபவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

எங்கள் பக்கத்துக் கூமாப்பட்டி, 2025 ஜூன் மாதம் வரைக்கும் வத்திராயிருப்பு பஸ் கண்டக்டர்களுக்கும் பிளவக்கல் அணைத் தண்ணீரை நம்பி நாற்றுப் பாவுகிற சம்சாரிகளுக்கும் மட்டும் தெரிந்த ஊர். உள்ளூர் இளைஞர் ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்து ‘ஏங்க...’ என்று கூப்பிட்டார். அவ்வளவுதான், தமிழ்நாடே வண்டியைத் திருப்பிவிட்டது. அணையில் இறங்கிக் குளிக்க அனுமதி கிடையாது என்று அதிகாரிகள் தனியாக விளக்கம் சொல்லும் அளவுக்குக் கூட்டம்.

வந்தவர்களைக் குறை சொல்ல மாட்டோம். பத்து மணிக்கே டீக்கடையில் வடை தீர்ந்துபோகிறது, ஊருக்கு நல்லதுதான். ஆனால் அவர்களில் நாயோடு வருகிறவர்கள் என்று ஒரு பிரிவு உண்டு. அதில் சிலருக்கு இன்னும் தேர்ச்சி போதவில்லை. கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டே நடக்கிறார்கள். எதிரே ஆள் வந்தால் ஓரமாக ஒதுங்கி நிற்கிறார்கள். இப்படி இருந்தால் நீங்கள் நாய் வளர்ப்பது யாருக்குத் தெரியும்? உங்கள் நலன் கருதியே இந்த வழிகாட்டி.

தேவையான பொருட்கள்

நாய் – 1. எந்த ஜாதியாக இருந்தாலும் சரி. இந்தப் பக்கம் வருவதால் ராஜபாளையம் என்றால் உத்தமம்: பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, இடுப்பைத் தொடும் உயரம். காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் வளர்த்த இனம். 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ஒன்று இது. 2020 ஆகஸ்டில் பிரதமரும் வானொலியில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொல்லிப் பாராட்டினார். தபால்தலையில் வந்த நாயைக் கட்டிப்போடலாமா என்று கேட்க வசதியாக இருக்கும்.

கயிறு – 1. தோலில், பித்தளைக் கொக்கி வைத்து, விலை கூடியதாக.

செல்போன் – 1, முழு சார்ஜுடன். பார்வை – வேறு பக்கம். கூச்சம் – தேவையில்லை.

செய்முறை

1. கயிற்றைக் கழற்றவும். அணைக்கரை வந்ததும் நாயின் கழுத்திலிருந்து எடுத்து உங்கள் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்ளவும். “பாவம், வாரமெல்லாம் ஃப்ளாட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்கு” என்று சொல்லவும். இது உண்மையும்கூட. ராஜபாளையம் ஓடுவதற்கென்றே பிறந்த நாய். கண்ணால் கண்டு துரத்துகிற வகை. தூரத்தில் எதுவாவது ஓடினால் அதன் கால் தானாகக் கிளம்பிவிடும். அப்படிப்பட்ட நாயை இரண்டு பெட்ரூம் வீட்டில் வளர்க்க முடிவு செய்தது யார் என்ற கேள்விக்குள் போக வேண்டாம். பாய்ந்த பிறகு இங்கிலீஷில் கூப்பிடவும்: “டைகர், நோ! டைகர், கம் பேக்!” வெள்ளைக் குட்டிகளில் சில பிறவியிலேயே செவிடாக இருக்கும், அது ராஜபாளையம் வளர்ப்பவர்கள் அறிந்த குறை. உங்கள் நாய்க்குக் காது நன்றாகவே கேட்கும். நீங்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்று மட்டும் அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

2. மந்திரத்தை உச்சரிக்கவும். “ஒண்ணும் பண்ணாதுங்க.” நாய் வளர்ப்புக் கலையின் உச்சம் இதுதான். எப்போது சொல்வது என்பதில்தான் சூட்சுமம். எதிரே வருகிறவர் பயந்து நின்று, செருப்பு ஒன்று கழன்று, பின்னால் வந்த பிள்ளை அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்ட பிறகு சொல்ல வேண்டும். முப்பதடி தூரத்திலிருந்து, நடையைக் கூட்டாமல், சிரித்தபடி சொல்ல வேண்டும். அவர் இன்னும் பயந்தால் அடுத்தடுத்த படிகள்: “சும்மா மோந்து பாக்கும்.” “விளையாடுதுங்க.” “நீங்க ஓடாதீங்க, ஓடினாத்தான் தொரத்தும்.” கடைசியாக, “இதுவரைக்கும் யாரையும் இப்படிப் பண்ணதில்ல, உங்ககிட்டதான் ஏதோ...” இந்தப் படிக்கு வந்துவிட்டால் குற்றம் முழுக்க அவர் பக்கம் போய்விடும்.

இதில் ஒரு எச்சரிக்கை. எல்லோரிடமும் இந்த மந்திரம் பலிப்பதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலை அணைக்குப் போகிற மண்பாதையில் ஒரு பாட்டி தலையில் புல்லுக்கட்டோடு வந்துகொண்டிருந்தார். எதிரே வெள்ளை நாய் ஒன்று, கயிறில்லாமல். புல்லுக்கட்டோடு இருப்பவர் குனிந்து கல் எடுக்க முடியாது. திரும்பி ஓடவும் முடியாது. ஒரு கை கட்டைப் பிடித்திருக்க, இன்னொரு கையில் பன்னருவாள். நாய் அவர் சேலைக் கொசுவத்தை மோந்து பார்த்து, சுற்றி வந்து, மறுபடி மோந்தது. அவர் நட்ட கல்லாக நின்றார். கண் மட்டும் நாயோடு சுற்றியது. புல்லிலிருந்து தண்ணீர் சொட்டிக் கழுத்தில் இறங்கியது. பின்னால் செல்போனைப் பார்த்துக்கொண்டே வந்த தம்பி, தலை நிமிராமல், “பயப்படாதீங்க பாட்டி, ஒண்ணும் பண்ணாது” என்றார்.

பாட்டி அசையாமல் சொன்னார்: “அது ஒண்ணும் பண்ணாதுய்யா. நீயும்ல ஒண்ணும் பண்ண மாட்டேங்கிற.”

இப்படிப்பட்டவர்களைத் தவிர்க்கவும்.

3. ஆடு கோழிகளோடு பழக விடவும். தாராளமாக மேய்கிற மந்தையைக் கண்டதும் “ஃப்ரெண்ட் புடிக்கப் போகுது பாருங்க” என்று வீடியோ எடுக்கத் தொடங்கவும். மந்தை நாலு திசையில் சிதறும். சினையாடு மிரண்டு ஓடினால் குட்டி கலைந்துபோகும் என்று ஆடு மேய்க்கிறவர் கம்பை ஊன்றிக்கொண்டு கத்துவார். அவர் கோபத்தையும் வீடியோவில் சேர்க்கவும். கோழி செத்தால் மட்டும் விலை கேட்பார்கள். “நாட்டுக்கோழிங்கிறதுக்கு என்ன அத்தாட்சி?” என்று கேட்டுப் பார்க்கவும், பிறகு பணத்தை எடுத்து வைக்கவும். சுற்றி நிற்கிற ஆட்களின் எண்ணிக்கையை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

4. வாய்க்காலில் குளிப்பாட்டவும். அணையில் அனுமதி இல்லை என்றால் வாய்க்கால் இருக்கிறது. படித்துறையில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டும் குளித்துக்கொண்டும் இருக்கும் நேரம் பார்த்து, அவர்களுக்கு மேலே, தண்ணீர் வருகிற பக்கமாக நாயை இறக்கவும். ஷாம்பு தாராளமாகப் போடவும். நாய் கரையேறி உடம்பை உதறும்போது எல்லோர் மேலும் சமமாகத் தெறிக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளவும்.

5. மலையை ரசிக்கவும். நாய் பின்னங்காலை மடக்கி உட்காரும் நேரமே மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்க்க உகந்த நேரம். மேகம் எங்கே இறங்குகிறது, மழை வருமா, இதையெல்லாம் கவனிக்கவும். முடிந்ததும் நகரவும். யாராவது கேட்டால் “உரம்தானே, வயலுக்கு நல்லது” என்று சொல்லவும். சாணமும் நாய்ப்பீயும் ஒன்று என்று நம்புகிற சம்சாரி கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். நாயின் கழிவில் கொக்கிப்புழு முட்டை இருக்கலாம். மண்ணில் பொரிந்து, வெறுங்காலில் நடப்பவரின் தோலுக்குள் ஏறி, வரிவரியாக ஊர்ந்து அரிப்பெடுக்கும். எங்கள் வயலில் செருப்புப் போட்டுக்கொண்டு யாரும் நாற்று நடுவதில்லை. ஒரு பாலிதீன் பையும் ஒரு நிமிஷமும் போதும் என்று பழமைவாதிகள் சொல்வார்கள். ஆனால் கூமாப்பட்டிக்கு வந்தது மலையைப் பார்க்கத்தானே?

6. காட்டைக் காட்டவும். இங்கே காடு 1988-லிருந்து சாம்பல் நிற அணில்களின் சரணாலயம். 2021 பிப்ரவரியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமும்கூட. அதன் ஓரத்தில் நாயை அவிழ்த்துவிட்டால் முன்னோர் மண்ணை மோந்து மகிழும். சிறுத்தையும் மகிழும், நாய் அதற்குப் பிடித்த இரை. நாய் உயிரோடு திரும்பினாலும் கதை முடிந்துவிடாது. நாய்களிடம் பரவும் டிஸ்டெம்பர் வைரஸ் காட்டு விலங்குகளையும் தாக்கும். 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோது பரிசோதனையில் அந்த வைரஸும் அகப்பட்டது. ஒரு தடுப்பூசி அட்டை காட்டையும் சேர்த்துக் காக்கும் என்பதை நினைத்து மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

7. கடித்துவிட்டால். முதலில் சொல்ல வேண்டியது: “கடிக்கல, பல்லுதான் பட்டுச்சு.” அடுத்தது: “ஊசி போட்ட நாய்தாங்க.” அட்டையைக் கேட்டால் வீட்டில் இருக்கிறது. காபிப் பொடி, சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். நீங்களும் ஒன்று சொல்லவும். அதற்குள் காரை ஸ்டார்ட் செய்யவும்.

கடிபட்டவர்களுக்கு மட்டும் விளையாட்டில்லாமல் நாலு வரி: ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். காயத்தில் எதையும் அப்பாதீர்கள். உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறிநாய்க்கடி ஊசி அங்கே இலவசம். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்பது தாத்தா காலத்துக் கதை. இப்போது கையில்தான் போடுகிறார்கள். கடிபட்ட அன்று, 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று தவறாமல் போட வேண்டும். கீறலையும், காயத்தில் நாய் நக்கியதையும்கூட லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நோய்க்குறி தெரிந்த பிறகு வெறிநோயிலிருந்து பிழைப்பது ஏறக்குறைய இல்லை.

அடிக்கடி எழும் சந்தேகங்கள்

‘சட்டம் ஏதாவது சொல்கிறதா?’ சொல்கிறது. தன் வசமுள்ள விலங்கால் பிறர் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாதவருக்கு, பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வெய்லர்கள் 5 வயதுக் குழந்தையைக் குதறிய பிறகு நாய்க்காரரைப் போலீஸ் கைது செய்தது. அந்த நாய்களையும் அதற்கு முந்தின நாள் வரைக்கும் ‘ஒண்ணும் பண்ணாது’ வகையில்தான் சேர்த்திருப்பார்கள்.

‘உயிர்களிடம் கருணை காட்டு என்று அரசியல் சட்டமே சொல்கிறதே?’ ஆம், 51ஏ(ஜி). சண்டையில் இதைத் தவறாமல் எடுத்துவிடவும். எதிரே நடுங்கிக்கொண்டு நிற்பதும் ஓர் உயிர்தான் என்பது மட்டும் வாதத்தில் வந்துவிடக் கூடாது.

‘தெருநாய் கடிக்கவில்லையா? அதைக் கேட்க ஆளில்லை, என்னைக் கேட்க வந்துவிட்டீர்களே?’ அருமையான கேள்வி. தெருநாயைக் கேட்க உச்ச நீதிமன்றமே வந்தது. 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, டெல்லிப் பகுதித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. 22-ஆம் தேதி அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து, பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது; வெறிபிடித்ததும் ஆள் மேல் பாய்வதும் மட்டும் விலக்கு. கண்ட இடத்தில் சோறு வைக்காமல் அதற்கென்று இடம் ஒதுக்கவும் சொன்னது. அந்த நாய்களுக்குச் சொந்தக்காரர் என்று யாரும் இல்லாததால் டெல்லி வரைக்கும் போக வேண்டியிருந்தது. உங்கள் நாய்க்குத்தான் நீங்கள் இருக்கிறீர்களே.

‘நாய் வளர்ப்பதே தப்பா?’ எங்கள் ஊரில் வந்து கேட்கிற கேள்வியா இது? இங்கே நாய் இல்லாத தோட்டம் ஏது?

முடிவாக

இவ்வளவையும் படித்தும் மனம் ஒப்பவில்லை என்றால் உங்களுக்கு வேறொரு முறை இருக்கிறது. அதைப் பழக ஒரு சாயங்காலம் போதும். ஏதாவது ஒரு தென்னந்தோப்புப் பக்கம் போய்ப் பாருங்கள். வேலிப் படலில் கை வைத்ததும் உள்ளே நாய் ஆகாயம் கிழிகிறாற்போலக் குரைக்கும். நீங்கள் பின்வாங்குவீர்கள். அந்த வீட்டுக்காரர் மோட்டார் ரூமிலோ மாட்டுக்கொட்டத்திலோ இருப்பார். உங்களை இன்னும் பார்த்திருக்க மாட்டார். யார், என்ன ஜாதி ஜனம், எதற்கு வந்தீர்கள் என்று எதுவும் தெரியாது. குரைப்பை வைத்தே, வாசலில் ஒருவர் பயந்து நிற்கிறார் என்று மட்டும் அவருக்குத் தெரியும். கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு, ஆள் வருமுன் குரல் வரும். நாயின் நல்ல குணத்துக்கு அதில் ஒரு சொல் சாட்சி இருக்காது. உங்கள் பயம் நியாயமா, இல்லையா என்ற விசாரணையும் இருக்காது.

“வாங்க, வாங்க. கட்டித்தான் கெடக்கு.”