ஸ்கோப் இருக்கா?

நேற்று சாயங்காலம் அந்தக் கல்லூரி ஆலோசகர் மறுபடி போன் பண்ணினார். "சார், பாப்பாவுக்கு ஒரு சீட்டு பிடிச்சு வெச்சிருக்கேன். நாளைக்கு மத்தியானம் வரைக்குந்தான் நிறுத்த முடியும்" என்றார். பொள்ளாச்சி பஸ்ஸில் துண்டு போட்டு வைத்த மாதிரி. இது நான்காவது துண்டு. முதல் மூன்றும் மத்தியானம் தாண்டியும் சீட்டிலேயேதான் கிடக்கின்றன.

கல்லூரி ஆலோசகரிடம் போகும் முன் பெற்றோர் கவனிக்க வேண்டிய விஷயங்கள் மூன்று. அவற்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் அவருடைய ஆபீஸைச் சொல்லிவிடுகிறேன்.

பேக்கரிக்கு மேல் மாடி. படி ஏறும்போதே பப்ஸ் வாசனை. நாங்கள் உட்காருவதற்குள், "நான் இன்டிபென்டென்ட் சார், எந்தக் காலேஜுக்கும் ஆள் கிடையாது" என்றார். அவர் தலைக்கு மேல் ஒரு காலண்டர், அதில் ஒரு கல்லூரியின் பெயர். கையில் இருந்த பேனாவிலும் அதே பெயர். சாவிக்கொத்திலும் அதே. டீ வந்தது, கப்பிலும் அதே. என் மனைவி முழங்கையால் இடித்தாள். நான் டீயைக் குடித்துவிட்டு, பதிவுக் கட்டணம் என்று அவர் கேட்ட மூவாயிரத்தைக் கொடுத்தேன். கொடுத்ததும் ஒரு துணிப் பை தந்தார். அதில் என்ன பெயர் இருந்தது என்று உங்களுக்கே தெரியும்.

ஏன் கொடுத்தேன்? அதற்கு முந்தைய வாரம் சலூன்காரர், பால் சொசைட்டி செயலாளர், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், எல்.ஐ.சி. ஏஜெண்ட் என்று எல்லாரிடமும் கேட்டாயிற்று. எல்லாரும் சும்மா சொன்னார்கள். சும்மா சொன்னதை நாம் என்றைக்கு மதித்திருக்கிறோம்?

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். கொழிஞ்சாம்பாறையில் எனக்கு உரக்கடை. என் தலைக்கு மேலும் ஒரு காலண்டர் தொங்குகிறது. "எந்த உரம் போடலாம்?" என்று விவசாயி கேட்டால், கண்ணை மூடி யோசிக்கிற மாதிரி ஒரு நிமிஷம் இருந்துவிட்டு, அந்தக் காலண்டர் கம்பெனியின் பெயரைத்தான் சொல்வேன். பையும் கொடுப்பேன். என் எரிச்சலில் பாதி, தொழில் ரகசியத்தை அடுத்தவன் என்னிடமே காட்டிவிட்டான் என்பதுதான்.

ஆலோசகர் ஆபீஸுக்குத் திரும்புகிறேன். கூட வந்திருந்த என் மகள், பாப்பா, வாயைத் திறந்தாள். "எனக்கு பிசிக்ஸ் பிடிக்கும்."

"பிசிக்ஸுக்கு ஸ்கோப் இல்லம்மா" என்றார் அவர்.

இந்த ஸ்கோப் என்கிற சனியனைப் பற்றி யாராவது பேசியாக வேண்டும். என் அப்பா காலத்தில் அது டீச்சர் டிரெயினிங்கில் இருந்தது. என் காலத்தில் டைப்ரைட்டிங்குக்குக் குடிமாறியது. லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்து, ஷார்ட்ஹேண்டில் பாதி தாண்டும்போது கம்ப்யூட்டர் வந்தது, ஸ்கோப் எழுந்து போய்விட்டது. பிறகு எலெக்ட்ரானிக்ஸில் பார்த்ததாகச் சொன்னார்கள். கொஞ்ச நாள் பயோடெக்னாலஜியில் தங்கியது. என் மச்சான் மகன் அதைத் துரத்திக்கொண்டு போய்ச் சேர்ந்தான். அவன் வெளியே வருவதற்குள் அது சிவிலுக்குப் போய், அங்கேயும் நிற்காமல், இப்போது ஏஐ அண்டு டேட்டா சயின்ஸில் குடியிருக்கிறதாம். இன்று இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. "இன்னும் நாலு வருஷத்துல பாருங்க" என்பார்கள், அல்லது "அதெல்லாம் அப்போ" என்பார்கள். ஸ்டாண்டுக்கு நாம் போய்ச் சேரும்போதெல்லாம் "இப்பத்தானே போச்சு" என்கிறார்களே, அந்த பஸ்தான் ஸ்கோப். அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் கோயம்புத்தூரில் எண்டோஸ்கோப் விட்டார்கள். எங்கள் குடும்பத்துக்குக் கையில் கிடைத்த ஒரே ஸ்கோப் அதுதான். அதையும் காசு கட்டித்தான் விழுங்கினோம்.

யோசித்துப் பாருங்கள். பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் டி.என். சேஷனும் இ. ஸ்ரீதரனும் ஒன்றாகப் படித்தவர்கள். இரண்டு பேருக்கும் காக்கிநாடாவில் இன்ஜினியரிங் சீட்டு கிடைத்தது. ஸ்ரீதரன் போனார், கொங்கண் ரயிலும் டெல்லி மெட்ரோவும் வந்தன. சேஷன் போகவில்லை. மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போய் பிசிக்ஸ் படித்தார். பேக்கரி மாடிக்கு வந்திருந்தால் நம்மவர் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். "சேஷன் தம்பி, கையில இருக்கிற சீட்டை விட்டுட்டு பிசிக்ஸா? ஸ்கோப்பே இல்லையே!" பிற்பாடு தலைமைத் தேர்தல் கமிஷனராகி நாட்டிலுள்ள அரசியல்வாதிகளையெல்லாம் நடுங்க வைத்தார், அது வேறு.

எலப்புள்ளி எங்கள் ஊரிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். எம்.எஸ். விஸ்வநாதன் பிறந்த ஊர். அவரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால், "பாட்டா? அதுக்கெல்லாம் பிளேஸ்மெண்ட் கிடையாதுங்க. டிப்ளமோ ஏதாச்சும் போட்டு விடலாம்" என்றிருப்பார் நம்மவர். என் பக்கத்துத் தோட்டத்தில் தென்னை ஏறிக் கள்ளிறக்குகிறவரிடம் இதையெல்லாம் புலம்பினேன். "மேல ஏறிப் பாத்தா தமிழ்நாடு வரைக்கும் தெரியுதுங்களே, அதுக்கு என்னங்க பேரு?" என்று கேட்டார். ஆலோசனைக் கட்டணம் வாங்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பிசிக்ஸை ஆலோசகர் ஒதுக்கித் தள்ளியதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் சேர எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அங்கே படித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஊர்க்காரர் என்று நேட்டிவிட்டி சர்டிபிகேட் வேண்டும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி எங்கள் சித்தூர் தாலுகா கேரளத்துக்குள் வந்தது. அதனால் வீட்டில் பேசுவதும் சண்டை போடுவதும் தமிழில், சர்டிபிகேட் மலையாளத்தில். வாளையாறு தாண்டினால் நாங்கள் வெளி மாநிலம், தாண்டாவிட்டால் மொழிச் சிறுபான்மை. கவுன்சிலிங் வாசல் இப்படிச் சாத்திக்கொண்டால் மிச்சம் இருப்பது மேனேஜ்மெண்ட் கோட்டா. அந்த வாசலில்தான் நம்மவர் பேனாவோடு நிற்கிறார். நாங்கள் இல்லாவிட்டால் அவருக்குப் பேக்கரி வாடகை கட்ட முடியாது.

கேரளப் பக்கமாவது நிம்மதியா என்றால், 2025-இல் கீம் நுழைவுத் தேர்வு ரேங்க் லிஸ்ட் ஜூலை 1-ஆம் தேதி வந்தது, 9-ஆம் தேதி ஹைகோர்ட் ரத்து செய்தது, 10-ஆம் தேதி புது லிஸ்ட் வந்தது. பத்தே நாளில் இறங்கினவனும் உண்டு, ஏறினவனும் உண்டு. "இது இப்படி ஆகும்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார் ஆலோசகர். யாரிடம் சொன்னார் என்று கேட்கவில்லை.

மூணாறில் எஸ்டேட்டில் இருக்கிற என் தங்கை போன் பண்ணினாள். "அண்ணே, பெங்களூர்ல நர்சிங்குன்னு ஒரு ஏஜெண்ட் லயத்துக்கே வந்துட்டார். பை குடுத்தார்." பையில் என்ன கலர் என்று கேட்டேன். நீலம். எங்களுடையது பச்சை. ஆக, அது வேறு இன்டிபென்டென்ட்.

"பாப்பா ஏதாச்சும் கேம்ஸ் ஆடுவாளா? ஸ்போர்ட்ஸ் கோட்டால பாக்கலாம்" என்று இன்னொரு நாள் ஆலோசகர் கேட்டார். கேரம் என்றேன். அமெரிக்காவில் ரிக் சிங்கர் என்று ஓர் ஆலோசகர் இருந்தார், 2019-இல் மாட்டினார். துடுப்பே பிடிக்காத பணக்காரப் பிள்ளைகளைப் படகுப் போட்டி வீரர்கள் என்று காட்டி பெரிய பல்கலைக்கழகங்களில் நுழைத்தவர். மூன்றரை வருஷம் ஜெயில் என்று தீர்ப்பு வந்தது. அவருக்குக் காசு கொடுத்த சினிமா நடிகைகள்கூட ஜெயிலுக்குப் போனார்கள். நான் மலம்புழா டேமில் பாப்பா பெடல் போட்டில் உட்கார்ந்த போட்டோவை ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

இதற்கிடையில் பாப்பா தன் பாட்டுக்கு அக்ஷயா இ-சேவை மையத்துக்குப் போய், விக்டோரியா கல்லூரி பிசிக்ஸை முதல் ஆப்ஷனாகப் போட்டுவிட்டு வந்துவிட்டாள். எனக்குச் சொன்னது மூன்று நாள் கழித்து. அதுவும் பிரிண்ட் அவுட் எடுக்கச் சில்லறை வேண்டும் என்பதற்காக.

நேற்று போனில் இதைச் சொன்னேன். அவர் கொஞ்சம்கூட அசரவில்லை. "நல்லதுங்க சார். எம்.எஸ்ஸி.க்கு வரும்போது சொல்லுங்க, ஒண்ணு பிடிச்சு வெக்கறேன்."

மூவாயிரம் திரும்பி வராது. பை மட்டும் கெட்டி, ஐந்து கிலோ ரேஷன் அரிசி தாங்குகிறது. தங்கை வேறு நீலத்தில் இரண்டு அனுப்பியிருக்கிறாள். வேண்டுமானால் கடைப் பக்கம் வாருங்கள், ஒன்று தருகிறேன். உரம் வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை.