தாளிக்காத குழம்பு

கேள்வி: டவாவோவில் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்த மகன், நாள் தவறாமல் 'சினிகாங்' கேட்கிறான். பிலிப்பைன்ஸ் குழம்புக்குத் தாம்பரத்தில் நான் எங்கே போவேன்?
— ஒரு தாயார், சேலையூர்

பதில்: சண்முகம் சாலைக் காய்கறிக் கடை வரை போனால் போதும். வெண்டை, முள்ளங்கி, கத்தரி, காராமணிக்காய், சேப்பங்கிழங்கு... பருப்பில்லாத சாம்பாரில் பன்றிக்கறி விழுந்தால் அதுதான் சினிகாங். எலும்புக்கறியைத் தக்காளி, வெங்காயத்தோடு மெத்தென்று வேகவிடுங்கள். அதில் போடும் சேப்பங்கிழங்கு குழைந்து சாறு கெட்டிப்படும். அங்கே புளியங்காயை அவித்து, மசித்து, வடிகட்டி ஊற்றுவார்கள். நம் பழம்புளிக்கு நிறம்தான் கறுக்கும், புளிப்பில் குறையில்லை. மற்ற காய்கள் பிறகு. வள்ளைக்கீரையும் முழுப் பச்சைமிளகாயும் கடைசியில். உப்புக்கு அவர்கள் மீன் சாறு ஊற்றுவார்கள், நமக்குக் கல்லுப்பு. கைப்பழக்கத்தில் கடுகு டப்பாவை மட்டும் திறந்துவிடாதீர்கள், பையன் வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவான்!