பங்கேற்புச் செம்மல்

கருத்தரங்கம் காலை பத்து மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டிருந்தால், அவர் ஒன்பதே காலுக்கே பதிவு மேசை முன்னால் நிற்பார். சிறப்பு விருந்தினர் பதினொன்றரைக்கு முன் வரப்போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். கொடுக்கிற பை ஜிப் வைத்ததா, வெறும் காகிதக் கோப்பா என்று திருப்பிப் பார்த்து, அன்றைய கருத்தரங்கின் தரத்தை அங்கேயே தீர்மானித்துவிடுவார். அடுத்து வரும் கேள்வி ஒன்றுதான்: “சர்டிபிகேட் எத்தனை மணிக்குங்க ஐயா?”

புறவழிச்சாலை ஓரத்தில், முகப்பு வளைவிலிருந்து துறைக் கட்டடம் வரை வெயிலில் நடக்கவைக்கும் சிறிய அரசுப் பல்கலைக்கழகம் எதுவானாலும் சரி, துறைக்கு ஒருவர் இப்படி உண்டு. தமிழ்த் துறையில் இருவர் இருப்பார்கள். அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை.

முனைவர் பட்ட ஆய்வாளர். எம்.ஏ. படிக்கும்போதே பிடித்த பழக்கம். மெஸ் பாக்கி, நூலகத்துக்குத் திருப்பித் தராத புத்தகம், கைகூடாத காதல் என்று எல்லாருக்கும் உள்ளது அவருக்கும் உண்டு. அதையெல்லாம் சொல்லி மாளாது, சான்றிதழுக்கு வருவோம்.

ஒளிபுகும் உறை வைத்த தடித்த கோப்புகள் அவரிடம் மூன்று. அடுக்கியிருப்பது தேதிவாரியாக அல்ல, தலைப்புவாரியாகவும் அல்ல. கையெழுத்துப் போட்டவரின் பதவிவாரியாக. துணைவேந்தர் கையெழுத்திட்டவை முதல் கோப்பில். பதிவாளரும் கல்லூரி முதல்வர்களும் இரண்டாவதில். ஒருங்கிணைப்பாளர் மட்டும் கையெழுத்திட்ட அனாதைகள் மூன்றாவதில். ஓய்வு பெற்ற துணைவேந்தரின் கையெழுத்துக்கு மதிப்புக் கூடுகிறது என்பது அவருடைய துணிபு. பெயர் எழுதும் இடம் காலியாக வந்த சான்றிதழ்களை அவரே நிரப்பிக்கொள்கிறார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒருங்கிணைப்பாளர்களே சில சமயம் மொத்தக் கட்டையும் அவரிடம் கொடுத்து, “தம்பி, எல்லார் பேரையும் நீங்களே எழுதிடுங்க” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள்.

2020 ஊரடங்கில் ஊரே முடங்கிக் கிடந்தது. அவர் மூச்சுவிட நேரமில்லாமல் இருந்தார். தமிழ்நாட்டில் ஒவ்வொரு கல்லூரியும் கூகுள் படிவத்தில் வினாடிவினா வைத்த காலம் அது. திருக்குறளில் எத்தனை அதிகாரம்? நான்கு விடைகளில் 133-ஐத் தொட்டால் ஒரு மதிப்பெண். பாதி மதிப்பெண் வந்துவிட்டால் மின்சான்றிதழ் மின்னஞ்சலில் வந்து விழும். வராவிட்டால் அதே படிவத்தை மறுபடி நிரப்பலாம். யோகா, காசநோய் விழிப்புணர்வு, மின்சிக்கனம், தேனீ வளர்ப்பு என்று எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. பிறகு விடுதி மாடியில் தேனீ கொட்டியபோது என்ன செய்வதென்று காவலாளியைத்தான் கேட்டார்.

இதிலே ஒரு வேடிக்கை. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல் திட்டத்தின் பாடங்கள் ஸ்வயம் தளத்தில் கிடைக்கின்றன. சேர்வதற்குக் கட்டணம் இல்லை. வாரந்தோறும் பாடம், ஒப்படைப்பு. கடைசியில் தேர்வு மையத்துக்கு நேரில் போய்க் கண்காணிப்பாளர் முன்னால் எழுத வேண்டும். 75-ஐத் தொட்டால் சான்றிதழில் வெள்ளி என்றும், 90-ஐத் தொட்டால் தங்கம் என்றும் அச்சிட்டுத் தருவார்கள். நம்மவர் பன்னிரண்டு வாரப் பாடங்கள் பலவற்றில் பெயர் பதிந்திருக்கிறார். ஒன்றிலும் சான்றிதழ் இல்லை. ஏன் என்று ஜூனியர் ஒருவன் கேட்டதற்கு, “அதுல எக்ஸாம் வைக்கிறாங்க தம்பி” என்றார், ஏமாற்றப்பட்டவரின் குரலில்.

கருத்தரங்கில் அந்தத் தொல்லை கிடையாது. அவரிடம் உள்ளது ஒரே கட்டுரை. குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நீர்நிலை அமைக்கச் சொல்லும் புறநானூற்றின் 18-ஆம் பாட்டுத்தான் அதன் முதலீடு. முதலில் அது ‘சங்க இலக்கியத்தில் நீர் மேலாண்மை’ என்று வாசிக்கப்பட்டது. சுற்றுச்சூழல் கருத்தரங்கில் ‘சங்க இலக்கியத்தில் சூழலியல்’ ஆயிற்று. வணிகவியல் துறை கூப்பிட்டபோது ‘மனிதவள மேலாண்மை’. வெள்ளம் வந்த வருஷம் ‘பேரிடர் மேலாண்மை’. பாட்டு ஒன்றும் சொல்லவில்லை, குடபுலவியனாரும் ஆட்சேபிக்கவில்லை.

மலேசியாவிலிருந்து ஒருவர் ஜூமில் வந்துவிட்டால் அது பன்னாட்டுக் கருத்தரங்கம். “நான் பேசுவது கேட்கிறதா?” என்று அவர் கேட்டு, “கேட்கிறது ஐயா, படம்தான் தெரியவில்லை” என்று இவர்கள் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் வந்துவிடும்.

பிற்பகல் இணை அமர்வு. இரண்டாம் மாடி வகுப்பறை, ஓடாத மின்விசிறி. கட்டுரையாளர்கள் பதினைந்து பேர். பார்வையாளர்களும் அதே பதினைந்து பேர்தான். ஆளுக்கு ஐந்து நிமிடம். நம்மவர் அவையோரை விளித்து முடிக்க இரண்டு நிமிடம், முன்னுரைக்கு இரண்டு நிமிடம். மணி அடித்ததும் நடுவில் உள்ள பக்கங்களை மொத்தமாகத் தள்ளிவிட்டு “முடிவாக” என்பார். அமர்வுத் தலைவர் கைப்பேசியிலிருந்து நிமிர்ந்து, “அருமையான கட்டுரை. நேரமின்மை கருதி வினாக்களைத் தவிர்ப்போம்” என்று சொல்லி அடுத்த பெயரைக் கூப்பிடுவார். இத்தனை அமர்வுகளில் ஒருவர்கூட அவரிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை.

நாலு மணிக்கு நிறைவு விழா. சான்றிதழை முன்பே கொடுத்தால் கூட்டம் கலைந்துவிடும் என்று கடைசிவரை பூட்டி வைத்திருப்பார்கள். மதியம் காணாமல் போனவர்கள் எல்லாம் அப்போது சொல்லிவைத்தாற்போல் வந்து சேர்வார்கள். அவர் ஃபிளெக்ஸ் முன்னால் நின்று, சான்றிதழை நெஞ்சளவுக்கு உயர்த்திப் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொள்வார். பேருந்து ஏறுவதற்குள் அது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருக்கும்.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குக் கருத்தரங்கக் கட்டுரைகளுக்குப் புள்ளி கொடுக்கும் முறையைப் பல்கலைக்கழக மானியக் குழு 2010-இல் கொண்டுவந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இரண்டு கருத்தரங்கக் கட்டுரையும் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையும் வேண்டும் என்று 2016-இல் ஆய்வாளர்களுக்கு விதி வந்தது. 2022-இல் வந்த புதிய விதிமுறை அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. பழக்கத்தை எடுக்க ஒரு விதியும் வரவில்லை. சில நூறு ரூபாய் பதிவுக் கட்டணம், ஐஎஸ்பிஎன் எண்ணோடு தலையணை பருமனில் ஒரு தொகுப்பு, அதில் தன் பக்கத்தை மட்டும் திறந்து பார்க்கும் இருநூறு ஆசிரியர்கள் என்று அது பாட்டுக்கு நடக்கிறது.

பல்கலைக்கழகத்துக்கும் அவர் தேவைப்படுகிறார். 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் தன் பட்டதாரிகள் என்று சர் சி.வி. ராமனையும் சந்திரசேகரையும் காட்டிவிட்டுப் போகலாம். நேற்று முளைத்த சிறிய பல்கலைக்கழகம் யாரைக் காட்டும்? தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வருகிறது என்றால் துறைத் தலைவருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த மூன்று கோப்புகள்தான். நாக் மதிப்பீட்டின் ஏழு அளவுகோல்களில் ஐந்தாவது மாணவர் ஆதரவும் முன்னேற்றமும். விளையாட்டு, கலைப் போட்டிகளில் வென்ற பரிசுகளுக்கு அதில் தனி இடம் உண்டு. உள்ளூர் அளவிலான பங்கேற்புச் சான்றிதழ்களைச் சேர்க்க வேண்டாம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். “எதுக்கும் இருக்கட்டும்” என்று துறைத் தலைவர் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யச் சொல்லிவிடுவார்.

புகைப்படமும் வேண்டும்; இடமும் நேரமும் பதிந்த புகைப்படம். ஆகவே மரம் நடு விழாவில் ஒரு வேப்பங்கன்றை எட்டுக் கைகள் பிடித்திருக்க, கீழே அட்சரேகையும் தீர்க்கரேகையும் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம்வரை அச்சாகியிருக்கும். எட்டில் ஒன்று நம்மவர் கை. கன்று எங்கே இருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. யார் தண்ணீர் ஊற்றுவது என்பதுதான் எந்தப் படத்திலும் இல்லை.

இந்த இடத்தில் சிரிப்பு வருவதில்லை. தென்மண்டலப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கபடிக்குப் போய்வரும் பெண்கள் இதே வளாகத்தில்தான் இருக்கிறார்கள். நாக் கேட்கிற சான்றிதழ் அவர்கள் வாங்குவதுதான். அவர்கள் பயிற்சி எடுப்பது விளக்கில்லாத மண் தரையில். போவது முன்பதிவில்லாத பெட்டியில். பயணப்படி வருவது அடுத்த பருவத்தில். ஆட்டத்துக்குப் போனதால் விட்டுப்போன உள்தேர்வுக்காகத் துறை வாசலில் கடிதத்தோடு நிற்க வேண்டியவர்களும் அவர்களே. ஆண்டறிக்கையில் அவர்களுக்கு ஒரு வரி. தேனீ வளர்ப்புக்கு அரைப் பக்கம்.

அதற்காக அவரை வெறுக்கவும் முடிவதில்லை. விடுதியில் யாருக்கு உதவித்தொகை விண்ணப்பம் திரும்பி வந்தாலும், வருமானச் சான்றோ முதல் பட்டதாரிச் சான்றோ இழுத்தடித்தாலும், ஆதார் வங்கிக் கணக்கோடு சேராவிட்டாலும், “அண்ணா” என்று ஓடுவது அவர் அறைக்குத்தான். தாள்களின் உலகம் அவருக்கு அத்துப்படி. நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமில் வாய்க்கால் தூர் வாரி, கை கொப்புளித்துத் திரும்பினார். வியர்வை சிந்தி வாங்கிய சான்றிதழ் அது ஒன்றுதான். ஒருங்கிணைப்பாளர் மட்டும் கையெழுத்திட்டதால் அது மூன்றாவது கோப்பில் கிடக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அவருடைய தாத்தா கூத்துக்காரர். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களைச் சின்ன வயதிலிருந்து ராத்திரி ராத்திரியாக விழித்துப் பார்த்தவர் நம்மவர். மின்சாரம் போன இரவுகளில் விடுதி வராந்தாவில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கட்டியக்காரனாக நுழைவார். காப்பாளர் நடையிலிருந்து மெஸ் சாம்பார்வரை ஒருவரும் தப்ப முடியாது. பதினெட்டாம் போருக்குப் படுகளத்தில் துரியோதனனை மண்ணால் கிடத்துவதைச் சொல்ல ஆரம்பித்தால் ஜூனியர்கள் கைப்பேசியைக் கீழே வைத்துவிடுவார்கள். இதைப் பற்றி அவர் எங்கும் கட்டுரை வாசித்ததில்லை. கூத்து பற்றிக் கருத்தரங்கம் வந்தால் பார்க்கலாம் என்கிறார். அதுவரை நீர் மேலாண்மை.

ஆகவே அமர்வுத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை அவர் “முடிவாக” என்றதும் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். “தம்பி, உங்க ஊர்ப் படுகளத்தில் துரியோதனன் எத்தனை அடி நீளம்? யார் அந்த மண்ணைப் பிசைவார்கள்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரும், ஐந்து நிமிடத்தில் முடியாது. நேரம் போதவில்லை என்றால், காலையில் பொன்னாடை போர்த்துவதில் இரண்டு பேரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.