பிடி வைத்த பிரதாபம்

கைத்துப்பாக்கி வைத்திருப்பவன் சுடுவதற்காகவே அதை வைத்திருக்கிறான் என்று உலகத்தில் நிலவிவரும் அபிப்பிராயம், நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை என்று தமிழ்நாட்டு எல்லை வரை நீண்டு கிடக்கும் எங்கள் கிராமங்களைப் பொறுத்தமட்டில் முழுப் பிசகாகும். இங்கே லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக்கு நித்திய கர்மங்களும் நைமித்திக கர்மங்களும் உண்டேயொழிய, வெடிக்கும் கர்மம் கிடையாது. அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவது நித்தியம். ஐந்து வருஷத்துக்கொரு முறை லைசென்ஸைப் புதுப்பிப்பதும், தேர்தல் அறிவிப்பு வந்ததும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவதும், முடிவுகள் வெளியான பின் அந்த ரசீதைக் காட்டி மீட்டு வருவதும் நைமித்திகம். பஞ்சாயத்து, சட்டசபை, லோக்சபை என்று தேர்தலுக்குக் குறைவில்லாத தேசத்தில், வாக்குச்சாவடிக்குப் போக என் மாமா மறந்ததுண்டு. ஸ்டேஷனுக்குப் போக அவருடைய துப்பாக்கி மறந்ததே இல்லை.

இத்தகைய துப்பாக்கியில் குழல் என்ன, குதிரை என்ன, ஸ்பிரிங் என்ன, எல்லாமே அலங்காரந்தான். மனிதனுக்கு உண்மையில் உபயோகப்படும் பாகம் ஒன்றே ஒன்று: எடுக்கவும் வைக்கவும் பிடித்துக்கொள்ளும் பிடி. மாமாவின் துப்பாக்கியில் அந்த ஒன்றுதான் உடைந்துபோயிற்று.

துப்பாக்கி பர்மிங்காம் நகரத்து வெப்ளி அண்டு ஸ்காட் கம்பெனியார் செய்தது, ·32 அளவு, உள்ளங்கையில் அடங்குவது. லண்டன் மாநகரப் போலீசார் 1911-ல் இந்த ரகத்தைத்தான் ஏற்றுக்கொண்டார்கள் என்ற செய்தியை, மாமா வீட்டுக்கு வருகிற தபால்காரர் முதல் தேங்காய் பறிக்கிறவர் வரை அறியாதார் இல்லை. அதன் இரு பக்கப் பிடித்தகடுகளும் கருங்காலி மரம் மாதிரி கறுத்து மின்னுமே தவிர, மரம் அல்ல. ரப்பரோடு கந்தகத்தைத் தாராளமாகச் சேர்த்து வேகவைத்துக் கல்லாக இறுகச்செய்த எபோனைட். பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் 1902-ல் வெள்ளைக்காரர்கள் ரப்பர் தோட்டம் போட்டார்கள். எங்கள் தாலுகாவின் கிழக்கு மலைச்சரிவுகளிலும் பிற்பாடு அந்த மரமே ஆட்சிக்கு வந்தது. நம்முடைய மரத்தின் பாலைக் கடல்கடத்திக் கொண்டுபோய், கந்தகத்தைப் புகட்டி, வேறொரு மரத்தின் வேஷத்தைப் போட்டு, நமக்கே திருப்பி விற்ற அந்தச் சாமர்த்தியத்தை எண்ணி நான் பலமுறை மெய்சிலிர்த்திருக்கிறேன். ஆனால் எபோனைட்டுக்கும் மூப்பு உண்டு. வெளிச்சம் பட்டுப்பட்டு நிறம் மங்கி, நாளடைவில் நொறுங்கும் பதத்தை அடைந்து, ஒருநாள் அலமாரிக்குள் இருந்தபடியே, ஒருவரையும் சுடாமலே, அது இரண்டாகப் பிளந்தது.

திருவனந்தபுரத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரர் தகடுகளைக் கழற்றி ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்து, அந்த மாடலின் உற்பத்தி 1940-லேயே நின்றுவிட்டதென்று அனுதாபத்தோடு தெரிவித்தார். மாமா நேரே என்னிடம் வந்தார். நான் தச்சு வேலையில் ஆர்வமுள்ளவன். அதாவது, உளி முதலிய ஆயுதங்களை விலைகொடுத்து வாங்கி வைத்திருப்பவன்.

"எடே, பிடி இல்லாத துப்பாக்கியும் காம்பு இல்லாத குடையும் ஒண்ணுதானே? நீ ஒரு ஜோடி செய்து தா" என்றார்.

எதனால் செய்வது என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்க ஜெனரல் பாட்டன் தந்தப்பிடி போட்ட ரிவால்வரை இடுப்பில் செருகிக்கொண்டு யுத்தகளத்தில் உலாவியதை மாமா எங்கோ படித்திருந்தார். தந்தத்தின் பேச்சை எடுத்தால் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தின்படி நாம் உலாவப்போவது வேறு இடத்தில் என்று சொன்னேன். மான்கொம்பு என்றார், அதற்கும் அதே பதில். ஈட்டி மரம் என்றார். திருவிதாங்கூரில் தேக்கும் ஈட்டியும் கருங்காலியும் சந்தனமும் ராஜவிருட்சங்கள். யாருடைய புரையிடத்தில் முளைத்தாலும் மகாராஜாவுக்கே சொந்தம். மகாராஜா ஆட்சி போனாலும் அந்த மரங்களைக் கண்டால் இன்னும் எங்களையறியாமல் கை பின்வாங்கும். இப்படிப் படிப்படியாக இறங்கி, சக்கையைத் தின்றுவிட்டு மறந்துவிடுகிற பிலாவில், அதாவது பலாவில், வந்து நின்றோம்.

பிலாவை அற்பமாக நினைப்பவர்கள் நெய்யாற்றின்கரை ஸ்ரீகிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் நிற்கும் அம்மச்சிப் பிலாவைப் போய்ப் பார்க்கவேண்டும். எட்டுவீட்டில் பிள்ளைமார் வாளும் கையுமாகத் துரத்தியபோது, பின்னாளில் 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்டவர்மா அந்த மரத்தின் பொந்துக்குள் ஒளிந்து உயிர்தப்பினார் என்பது ஐதிகம். தஞ்சாவூர் வீணையின் குடமும் பிலாதான். மிருதங்கத்தின் கட்டையும் பிலாதான். அரசனை ஆயுதத்திடமிருந்து காத்து, ஸரஸ்வதியின் மடியில் ஏறி அமர்ந்த ஒரு ஜாதி மரத்தை ஒரு துப்பாக்கியின் இடுப்பில் கட்டுவது தர்மமா என்று எனக்கு ஒரு சஞ்சலம் உண்டாயிற்று. மாமாவின் துப்பாக்கியாகையால் தோஷமில்லை என்று தேறினேன்.

அடுத்த சஞ்சலம் சட்டத்தைப் பற்றியது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், துப்பாக்கி என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களையும் சேர்த்தே அடக்குகிறது. அப்படியானால் என் திண்ணையில் கிடக்கும் பிலாத்துண்டு எந்தக் க்ஷணத்தில் துப்பாக்கியாகிறது? காரியம் காரணத்திலேயே அடங்கியிருக்கிறது என்ற ஸாங்கியர்களின் கட்சியை ஏற்றுக்கொண்டால், மரத்திலேயே பிடி இருக்கிறது; ஆகவே சக்கை காய்க்கிற ஒவ்வொரு வீட்டுக்காரனும் கலெக்டரிடம் லைசென்ஸ் வாங்கியாகவேண்டும். காரியம் புதிதாகவே பிறக்கிறது என்ற நையாயிகர்களின் கட்சியில் சேர்ந்தாலோ, கடைசி உப்புத்தாள் தேய்ப்பில் நான் குற்றவாளியாகிறேன். நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் நண்பர் இந்தத் தத்துவ விசாரத்தை ஐந்து நிமிஷம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மரத்தை நீர் செதுக்கும், திருகாணியை லைசென்ஸ் உள்ளவன் முடுக்கட்டும்" என்று தீர்ப்பளித்தார். சங்கரரும் இவ்வளவு சுருக்கமாகப் பாஷ்யம் எழுதியதில்லை.

இடிந்துபோன ஒரு பழைய நெல்லறையின் பலகை கிடைத்தது. பல தலைமுறை நெல்லைக் காத்து, ஈரமெல்லாம் வற்றி, வைரம் பாய்ந்த உட்பாகம். அதை அறுப்பதற்கு உதவியாக அடுத்த வளவிலிருந்து மூத்தாசாரியை அழைத்ததோடு காரியம் என் கையைவிட்டுப் போயிற்று. தச்சுசாஸ்திரத்தில் கரைகண்ட அவர், உடைந்த தகட்டைச் சுற்றி நூல்பிடித்து அளந்தார், கண்ணை மூடினார், தலையை அசைத்தார்.

"சாரே, இது ஆகாது. சுற்று மரணத்தில் நிக்குது."

வீட்டுக்குச் சுற்றளவு குறிக்கும்போது பால்யம், கௌமாரம், யௌவனம், வார்த்தக்யம், மரணம் என்று ஐந்து வயதுகளைக் கணக்கிட்டு மரணத்தில் விழாதபடி பார்த்துக்கொள்வது எங்கள் பக்கத்துத் தச்சு மரபு. துப்பாக்கிக்கு மரணம் ஆகாது என்று ஒருவர் விலக்கியதை நான் அன்றுதான் கேட்டேன். கொல்வதற்கென்றே பிறந்த கருவி ஐயா என்று வாதாடிப் பார்த்தேன். "சுடுறவன் கை நல்லாயிருக்கண்டாமா?" என்று ஒரே வார்த்தையில் என்னை அடக்கினார். கோலுக்குப் பதிலாக விரலை அலகாக வைத்துக்கொண்டு, ஓரங்களைச் சில யவம் புடைக்கவிட்டு, சுற்றளவை ஒன்பது விரலில் கொண்டுவந்து நிறுத்தினார். மூன்றால் பெருக்கினால் இருபத்தேழு, எட்டால் வகுத்தால் மிச்சம் மூன்று, தச்சுக் கணக்கில் அது சிம்மயோனி. "துவக்குக்குச் சிம்மம் பொருத்தந்தான், தெக்குத் திக்குக்கு உள்ளது" என்றார். எங்களுக்குத் தெற்கே களியக்காவிளை, அதாவது தமிழ்நாடு. 1956-ல் மொழிவாரியாகக் கோடு கிழித்து முடிந்த விவகாரத்தை ஒரு கைப்பிடி மறுபடி கிளப்பிவிடக் கூடாதே என்று எனக்குள் ஒரு கவலை மிஞ்சியது.

பிறகு வேலை நடந்தது. ஒரே துண்டை நடுவில் பிளந்து புத்தகம்போல விரித்துக்கொண்டால், இரண்டு தகடுகளிலும் ரேகைகள் எதிரெதிராக அமையும். கண்ணாடிப் பலகையின்மேல் உப்புத்தாளைப் பரப்பி அடிப்பக்கத்தைத் தேய்த்தால் துளியும் கோணாது. உட்புறத்தில் இயந்திரம் இடிக்காதபடி பழைய தகட்டைப் பார்த்துப் பள்ளம் தோண்டி, திருகாணிக்குத் துளையிட்டு, வெளிப்புறத்தை அரத்தால் உருட்டி, உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி, எண்பதாம் நம்பர் தாளிலிருந்து நானூறாம் நம்பர் வரை ஏறினோம். இடையிடையே ஈரத்துணியால் துடைத்து, எழும்பும் சிலும்பைத் திரும்பவும் தேய்க்கவேண்டும். பிலாத்தூள் நல்ல மஞ்சள். இலங்கையிலும் கீழ்த்திசை நாடுகளிலும் பிக்ஷுக்களின் சீவரத்துக்கு இந்த மரத்தைக் கொதிக்கவைத்துத்தான் சாயம் எடுத்தார்கள். வியர்வையில் நனைந்த என் வேஷ்டியும் அந்த வர்ணத்தை அடைந்தது. என் மனைவி அதைக் கொடியில் உலர்த்தும்போது, "துப்பாக்கி செய்யப் போனவங்க சந்நியாசம் வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள்.

மெருகுக்குத் தேங்காயெண்ணெய் போதும் என்பது மாமாவின் கட்சி. தேங்காயெண்ணெய் எத்தனை காலமானாலும் உலராது; ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள பிராணவாயுவை இழுத்துக்கொண்டு தானே இறுகிப் படலமாகும். அப்படி இறுகும்போது சூடும் பிறக்கும்; ஆகையால் அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே தீப்பற்றிக்கொள்ளும் என்று கேள்விப்பட்டு, துணியை முற்றத்தில் விரித்துப்போட்டுக் காவலிருந்தேன். இந்த வைபவம் முழுவதிலும் சுடக்கூடிய சக்தி படைத்த வஸ்து அந்தக் கந்தைத் துணி ஒன்றுதான்.

மாமா லைசென்ஸும் பெட்டியுமாகத் திருவனந்தபுரம் போய், கடைக்காரர் கையால் திருகாணி முடுக்கிக்கொண்டு வந்தார். மஞ்சள் மாறித் தேன்நிறத்துக்கு வந்திருந்த பிடிகள் அத்தனை லட்சணமாக இருந்ததில், மேலேயிருந்த பர்மிங்காம் இரும்பு யாரோ விருந்தாளி மாதிரி தோன்றிற்று. ஊரார் பார்க்க வந்தார்கள். மாமா மூன்று விரலால் குழலை மறைத்துப் பிடியை மட்டும் காட்டினார். பெருமை முற்றுமுன்னே தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டது.

ஸ்டேஷனில் இருந்த ஏட்டு, நம்பரைப் பார்ப்பதற்கு முன் பிடியை நகத்தால் தட்டிப் பார்த்து, ரேகையை ரசித்து, ரசீதில் துப்பாக்கியின் அடையாளங்களோடு 'பிலாவுப் பிடி, புதியது' என்று தம் கைப்பட ஒரு வரி கூடுதலாக எழுதிக் கொடுத்தார். துப்பாக்கி அங்கே பூட்டிக் கிடக்க, மாமா அந்த ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு களியக்காவிளைச் சந்தை வரை போய்வருகிறார். கேட்காதவர்களுக்கும் எடுத்துப் படித்துக் காட்டுகிறார்.