ஃபண்டு மேனேஜர் பேச்சைக் கேட்கலாமா?

டி.வி.யில் வரும் எந்த ஃபண்டு மேனேஜரும் 'விற்றுவிட்டு வெளியே வாருங்கள்' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. ஏன்?
*வங்கி ஊழியர், கோவை*

முதல் காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும். நீங்கள் போட்ட பணத்தில் ஆண்டுக்கு இத்தனை சதவிகிதம் என்று அவருடைய நிறுவனம் கட்டணம் எடுக்கிறது. நீங்கள் வெளியேறினால் அந்த வருமானமும் போய்விடும். பலர் கவனிக்காத இன்னொரு காரணமும் உண்டு. அவரே விற்க நினைத்தாலும் விதி விடாது. சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2017-இல் வகுத்த வரையறைப்படி, லார்ஜ்கேப் ஃபண்டு தன் பணத்தில் குறைந்தது 80 சதவிகிதத்தைச் சந்தை மதிப்பில் முதல் 100 இடங்களில் இருக்கும் நிறுவனங்களில் போட்டிருக்க வேண்டும். ஸ்மால்கேப் ஃபண்டு 65 சதவிகிதத்தை 251-ஆவது இடத்திலிருந்து கீழே இருக்கும் நிறுவனங்களில் போட்டிருக்க வேண்டும். விலை அநியாயத்துக்கு ஏறிவிட்டது என்று மேனேஜர் மனதார நம்பினாலும், உங்கள் பணம் முழுவதையும் எடுத்து ஓரமாக வைக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. எந்தப் பங்கு என்பதை அவர் பார்த்துக்கொள்வார். பங்கில் இருப்பதா, எவ்வளவு இருப்பது என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது வேலையை அவரிடம் ஒப்படைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தூங்குகிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

வருகிற டிசம்பரில் நிஃப்டி எவ்வளவு இருக்கும்?
*மருந்துக்கடை உரிமையாளர், விருதுநகர்*

தெரியாது. தெரியும் என்பவரிடம் போன டிசம்பருக்கு என்ன சொன்னார் என்று கேளுங்கள்.

2025 தொடக்கத்தில் எஸ். நரேன் மிட்கேப், ஸ்மால்கேப் விலைகளைப் பற்றிக் கடுமையாக எச்சரித்தார். நான் ஸ்மால்கேப் எஸ்.ஐ.பி.யை நிறுத்தவில்லை. தப்பா?
*மென்பொருள் பணியாளர், திருச்சி*

நரேன் ஐ.சி.ஐ.சி.ஐ. புருடென்ஷியலின் முதலீட்டுத் தலைவர். அவருடைய நிறுவனமும் ஸ்மால்கேப் ஃபண்டு நடத்துகிறது. தன் கடையில் இருக்கும் சரக்கைப் பற்றியே 'இப்போது விலை அதிகம்' என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். அதற்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. நிஃப்டி 2024 செப்டம்பர் இறுதியில் 26,277-ஐத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. அடுத்த பிப்ரவரி முடிவதற்குள் ஸ்மால்கேப் குறியீடு உச்சத்திலிருந்து 20 சதவிகிதத்துக்கு மேல் விழுந்தது. சிறிய முதலீட்டாளர்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று தொழிலில் இருக்கும் மற்றவர்கள் அவரை மறுத்துப் பேசினார்கள்.

இரு தரப்பையும் கேட்டேன். நரேன் தேதி சொல்லவில்லை, விலையைப் பற்றிப் பேசினார். எஸ்.ஐ.பி. என்ற மாதத் தவணை முதலீடு செய்பவர்கள் இந்த வேறுபாட்டை மனதில் வைக்க வேண்டும். எந்த நாளில் வாங்குவது என்ற தலைவலியிலிருந்து எஸ்.ஐ.பி. நம்மைக் காப்பாற்றும். லாபத்துக்குப் பொருந்தாத விலையில் பங்கு விற்கும்போது, அதை மாதாமாதம் வாங்கினாலும் அது அதிக விலைதான். பல ஆண்டுகளுக்குப் பிறகு நீங்கள் விற்கும் நாளில் விலை நியாயமான இடத்துக்கு இறங்கியிருந்தால், தவணைகள் எத்தனை கட்டியிருந்தாலும் கையில் வருவது கொஞ்சம்தான்.

அதனால் நிறுத்தியது சரியா, நிறுத்தாதது சரியா என்பதைவிட, உங்கள் மொத்தச் சேமிப்பில் ஸ்மால்கேப் எத்தனை பங்கு என்று சொல்லுங்கள். ஐந்தில் ஒரு பங்கு, பத்து வருடத்துக்குத் தேவையில்லை என்றால் தொடருங்கள். முந்தின வருட லாபப் பட்டியலைப் பார்த்து முழுப் பணத்தையும் அங்கே கொண்டுபோயிருந்தால், நரேன் பேசியிருக்காவிட்டாலும் அது தப்பு. இன்னொன்றையும் பாருங்கள். மிட்கேப், ஸ்மால்கேப் ஃபண்டுகள் கையிருப்பில் பாதியை விற்க எத்தனை நாள் ஆகும் என்பதை 2024 மார்ச் முதல் வெளியிட்டு வருகின்றன. உங்கள் ஃபண்டின் இணையதளத்தில் அந்த எண் இருக்கும். எல்லோரும் ஒரே சமயத்தில் பணம் கேட்டால் என்ன ஆகும் என்பதை மேனேஜரின் பேட்டியைவிட அந்த எண் தெளிவாகச் சொல்லும்.

சிலர் வருடக்கணக்கில் 'சந்தை விழும், விழும்' என்கிறார்கள். ஒருநாள் விழுந்ததும் 'நான் அப்போதே சொன்னேன்' என்கிறார்கள். இவர்களை நம்புவதா?
*ஜவுளி வியாபாரி, ஈரோடு*

விலையைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். நேரத்தைப் பற்றிச் சொல்வதை விட்டுவிடுங்கள். 1980-களின் பிற்பாதியில் ஜெரமி கிராந்தம் என்ற மேனேஜர் ஜப்பான் பங்குகள் மிகவும் விலை ஏறிவிட்டதாக முடிவு செய்து ஒதுங்கினார். அவர் ஒதுங்கிய பிறகும் சந்தை மளமளவென்று ஏறியது. 1989 டிசம்பர் 29 அன்று நிக்கேய் குறியீடு 38,915-இல் முடிந்தது. அந்த உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில்! 34 ஆண்டுகள். கிராந்தம் சொன்ன விலைக்கணக்கு முழுச் சரி. ஆனால் அவர் பேச்சைக் கேட்டு வெளியே வந்தவர், அண்டை வீட்டார் பணம் பெருகுவதைப் பார்த்துக்கொண்டு பல மாதங்கள் பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பொறுமை நமக்கு உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

தேர்தல் நேரத்தில் மேனேஜர்களின் கணிப்பை வைத்து வாங்கி விற்கலாமா?
*வழக்கறிஞர், மதுரை*

2024 ஜூன் மாதத்தின் முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். கருத்துக்கணிப்புகளைப் பார்த்துவிட்டு 3-ஆம் தேதி நிஃப்டி 3 சதவிகிதத்துக்கு மேல் ஏறியது. 4-ஆம் தேதி வாக்கு எண்ணிக்கை. ஒரே நாளில் கிட்டத்தட்ட 6 சதவிகிதம் விழுந்தது. 7-ஆம் தேதி சென்செக்ஸ் மறுபடி புதிய உச்சத்தில் முடிந்தது. திங்கட்கிழமை வாங்கி செவ்வாய்க்கிழமை பயந்து விற்றவர் நட்டத்தோடு நின்றார். திங்கள் முதல் வெள்ளி வரை செய்தியே பார்க்காதவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்கும் முன்னால் 2004. வாஜ்பாய் அரசு தோற்றது, இடதுசாரி ஆதரவோடு புதிய அரசு வருகிறது என்றதும் மே 17 அன்று வர்த்தகத்தையே நிறுத்திவைக்கும் அளவுக்குச் சந்தை சரிந்தது. சீர்திருத்தம் முடிந்தது என்றார்கள். அப்போது சென்செக்ஸ் 5,000-க்குக் கீழே இருந்தது. அதே அரசு ஆட்சியில் இருந்தபோதே 2008 ஜனவரியில் 21,000-ஐத் தாண்டியது. யார் ஜெயிப்பார்கள் என்பதைச் சரியாகச் சொல்வதே கஷ்டம். ஜெயித்தால் சந்தை என்ன செய்யும் என்பது அதைவிடக் கஷ்டம். இரண்டும் சேர்ந்து சரியாக அமைய வேண்டிய ஒரு திட்டத்தில் குடும்பப் பணத்தைப் போடாதீர்கள்.

எங்கள் ஊரில் ஆர்டர் இல்லாமல் கம்பெனிகள் தவித்தபோதும் 'பொருளாதாரம் வலுவாக இருக்கிறது' என்றார்கள் மேனேஜர்கள். எந்தப் பொருளாதாரத்தைப் பார்க்கிறார்கள்?
*பனியன் உற்பத்தியாளர், திருப்பூர்*

உங்கள் கோபம் நியாயமானது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவிகித வரி போட்டபோது, அங்கே ஏற்றுமதி செய்து பிழைக்கும் திருப்பூர் நேரடியாக அடி வாங்கியது. நிஃப்டி அதே ஆண்டு நவம்பர் கடைசியில் புதிய உச்சம் தொட்டது. அந்தக் குறியீட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத எடை வங்கி, நிதி நிறுவனங்களுக்கு. திருப்பூரின் பெரும்பாலான யூனிட்டுகள் எந்தச் சந்தையிலும் பட்டியலிடப்படாதவை. தையல் மிஷின் நின்றால் அந்தச் செய்தி நிஃப்டிக்குப் போய்ச் சேர வழியே இல்லை. மேனேஜர் 'பொருளாதாரம்' என்று சொல்லும்போது, தான் வாங்கக்கூடிய சில நூறு கம்பெனிகளின் லாபத்தைத்தான் பெரும்பாலும் சொல்கிறார்.

இதன் மறுபக்கமும் உண்டு. நாடு வேகமாக வளர்ந்தால் பங்கும் அதே வேகத்தில் வளரும் என்பார்கள். 2007 அக்டோபரில் ஷாங்காய் குறியீடு 6,124-ஐத் தொட்டது. அதன்பின் சீனாவின் பொருளாதாரம் பல மடங்கு பெருகியது. 2024 முடிந்தபோதும் குறியீடு அந்த உச்சத்தில் பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் இருந்தது. காரணங்கள் பல. எனக்கு முக்கியமாகப் படுவது, வளர்ச்சிக்கு அவர்கள் முன்கூட்டியே கொடுத்த விலை. 'இந்தியா வளர்கிறது, அதனால் வாங்குங்கள்' என்று ஒருவர் சொன்னால், 'என்ன விலைக்கு?' என்று உடனே கேட்க வேண்டும்.

உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் தொழில் ஏற்கெனவே டாலரையும் அமெரிக்காவையும் நம்பியிருக்கிறது. சேமிப்பையும் ஜவுளிப் பங்குகளில் போட்டால், ஆர்டர் நின்ற மாதத்திலேயே சேமிப்பும் கரையும். நன்றாகத் தெரிந்த தொழில் என்பதற்காக அதையே வாங்காதீர்கள்.

நட்சத்திர மேனேஜர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டால் நாமும் வெளியேறலாமா?
*பேராசிரியை, தஞ்சாவூர்*

அமெரிக்காவில் பில் மில்லர் 1991 முதல் 2005 வரை தொடர்ந்து 15 ஆண்டுகள் எஸ் அண்ட் பி 500 குறியீட்டை முந்தினார். 2008-இல் அவருடைய ஃபண்டு பாதிக்கு மேல் மதிப்பிழந்தது. நம் ஊரில் பிரசாந்த் ஜெயின் எச்.டி.எஃப்.சி.யில் இருந்தபோது பொதுத்துறை வங்கிகளையும் மின் நிறுவனங்களையும் பிடிவாதமாக வைத்திருந்தார். 2018 முதல் 2020 வரை அவருக்கு விழுந்த ஏச்சு கொஞ்சமல்ல. பிறகு அதே பங்குகள்தான் எழுந்து வந்தன. அவர் 2022 ஜூலையில் விலகினார். நடுவில் சலித்து வெளியேறியவர்களுக்கு இறக்கம் மட்டும் கிடைத்தது, ஏற்றம் கிடைக்கவில்லை.

மேனேஜர் போனதும் அவசரப்பட வேண்டாம். ஓராண்டுக்கு மாதாந்திர ஃபேக்ட்ஷீட்டைப் படியுங்கள். கையிருப்பில் உள்ள பங்குகளும் வாங்கும் முறையும் தலைகீழாக மாறியிருந்தால் நீங்கள் வாங்கிய ஃபண்டு இப்போது இல்லை என்று அர்த்தம். அப்போது கிளம்புங்கள்.

இவர்கள் சொந்தப் பணத்தை இதில் போடுவார்களா?
*ஆட்டோ ஓட்டுநர், கடலூர்*

போட்டே ஆகவேண்டும். 2021 அக்டோபர் முதல், முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களின் சம்பளத்தில் ஒரு பகுதி அவர்கள் நடத்தும் ஃபண்டுகளின் யூனிட்டாகத்தான் தரப்படுகிறது. மூன்று ஆண்டுகள் எடுக்க முடியாது. செபி செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று.

மேனேஜரே வேண்டாம், இண்டெக்ஸ் ஃபண்டு போதும் என்கிறான் மகன். சரியா?
*தபால்துறை ஊழியர், நாகர்கோவில்*

மகன் பக்கம் வலுவான சாட்சி இருக்கிறது. 2008 தொடங்கி பத்து ஆண்டுகளுக்கு வாரன் பஃபெட் ஒரு பந்தயம் கட்டினார். தேர்ந்த மேனேஜர்கள் சேர்ந்து நடத்தும் ஐந்து ஃபண்டுகள் ஒரு பக்கம், சாதாரண எஸ் அண்ட் பி 500 இண்டெக்ஸ் ஃபண்டு மறுபக்கம். 2017 முடிவில் இண்டெக்ஸ் 125.8 சதவிகிதம் கூடியிருந்தது. ஐந்தில் ஒன்றுகூட அதை எட்டவில்லை.

கட்டணம் சும்மா கிடக்காது. 10 லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 12 சதவிகிதம் வளர்ந்தால் 20 ஆண்டில் சுமார் 96 லட்சம். கட்டணத்துக்கு ஒரு சதவிகிதம் போய் 11 ஆனால் சுமார் 81 லட்சம். 15 லட்சத்துக்கு மேல் வித்தியாசம்! பெரிய நிறுவனப் பங்குகளுக்கு இண்டெக்ஸே போதும் என்பது என் கருத்து. சிறிய நிறுவனங்களில் கணக்கு வழக்கைத் துருவிப் பார்க்கும் நல்ல மேனேஜருக்கு இன்னும் இடம் இருக்கிறது.

ஏஜென்ட் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான் 2013 முதல் கிடைக்கிறது. ஆனாலும் 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் 13 சதவிகிதம் விழுந்தபோது, போன் செய்து 'அண்ணே, இன்றைக்கு விற்காதீங்க' என்று தடுத்த ஏஜென்ட் உங்களுக்கு இருந்தால், அவருக்குக் கொடுத்த கமிஷன் வீண் இல்லை.

கணவர் இறந்தபின் வந்த பணம் 25 லட்சம். வயது 63. 'வட்டி குறைகிறது, கடன் ஃபண்டுதான் இப்போது நல்லது' என்று ஒரு மேனேஜர் பேசியதைக் கேட்டேன். போடலாமா?
*வாசகி, கும்பகோணம்*

அம்மா, அவர் சொன்ன காரணம் சரிதான். ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரெப்போ வட்டியை 6.5-இலிருந்து 5.5 சதவிகிதமாகக் குறைத்தது. வட்டி குறைந்தால் பழைய கடன் பத்திரங்களின் விலை ஏறும். ஆனால் அவர் உங்களை மனதில் வைத்துப் பேசவில்லை. 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் ஃபண்டுகளை ஒரே நாளில் மூடியது. அவற்றில் தரம் குறைந்த பத்திரங்கள் ஏராளமாக இருந்தன. ஊரடங்கில் வாங்க ஆள் இல்லை. பணம் பிறகு திரும்பி வந்தது. ஆனால் தவணை தவணையாக, மாதக்கணக்கில் காத்திருக்க வைத்து. மாத்திரை வாங்கவும் பேத்திக்கு ஃபீஸ் கட்டவும் அந்தப் பணத்தை நம்பியிருந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பு பெரிய கொடுமை.

உங்களுக்கு முதலில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 60 வயது தாண்டியவர் 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவிகிதம் ஆனது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக்கு வரும். தபால் நிலையத்தில் நடப்பு வட்டியைக் கேட்டுக்கொண்டு, ஆறு மாதச் செலவுக்கான தொகையை மட்டும் வங்கியில் வைத்துக்கொண்டு மீதியை அங்கே போடுங்கள். நாமினி பெயரை மறக்காமல் எழுதுங்கள்.